தெட்சணாமூர்த்தியின் தவிலும் எஞ்சியுள்ள ஒலிநாடாக்களும்

யாழ்ப்பாணத்துக் கோயில் வீதிகளில் விடிய விடிய மேளச் சமா நடந்த காலம் ஒன்றிருந்தது. தமிழகத்து நாதஸ்வர வித்துவான்களும் நம்மூர்க் கலைஞர்களும் ஒரே திருவிழாவில் எதிரும் புதிருமாக அமர்ந்து வாசிப்பர். அக்காலத்தைப் பற்றிப் பேசும் முதியவர்களின் நாவில் முதலில் வரும் பெயர் லயஞான குபேரபூபதி எனப் போற்றப்பட்ட வி. தெட்சணாமூர்த்தியினுடையதாகும்.

1933ஆம் ஆண்டு பிறந்த அவருக்குத் தவில் குடும்பச் சொத்தாகவே வாய்த்தது. தந்தையார் விசுவலிங்கமும் தவில் வித்துவான். நாதஸ்வரமும் தவிலும் இல்லங்கள்தோறும் ஒலித்த அளவெட்டியும் இணுவிலும் அவரை உருவாக்கின. பின்னர் தமிழகம் சென்று நாச்சியார்கோவில் இராகவப்பிள்ளையிடம் பயின்றார். தவிலின் ஊற்றுக்கண் எனக் கருதப்பட்ட தஞ்சை மண்ணே இந்த ஈழத்து இளைஞரைத் தனக்கு நிகராக ஏற்றுக்கொண்டது.

பலா மரத்தில் குடைந்த கனத்த வாத்தியம் தவில். ஒரு பக்கத்தைக் கூடு அணிந்த விரல்களாலும், மறுபக்கத்தைப் பூவரசங் கழியாலும் வாசிப்பர். வேகம் கூடும்போது சொற்கள் ஒன்றோடொன்று கலந்து வெறும் ஓசையாகிவிடுவது இவ்வாத்தியத்தின் இயல்பான இடர். தெட்சணாமூர்த்தியிடம் அது நேரவில்லை. எத்துணை விரைவிலும் ஒவ்வொரு சொல்லும் தனித்து ஒலித்தது. சிக்கலான கணக்குகளை அமர்ந்த இடத்திலேயே கற்பனையாய் விரித்துத் தாளத்தில் பிசகின்றி வந்து சேர்ந்தார். நாதஸ்வரத்துக்குத் துணையாக மட்டுமே கருதப்பட்ட வாத்தியத்தைக் கேட்பதற்கென்றே மக்கள் திரண்டனர். மேளகாரர் என்று ஒதுக்கிப் பேசிய சமூகமும் அவர் வாசிப்பின் முன் விடியும்வரை அமர்ந்திருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன், ஷேக் சின்ன மௌலானா போன்ற பெருவித்துவான்களுக்கு அவர் தவில் வாசித்தார். மௌலானா ஆந்திரத்தின் கரவதியில் பிறந்து திருவரங்கத்தில் வாழ்ந்த இஸ்லாமியர். 1998இல் சங்கீத கலாநிதி விருது பெற்றவர். ஓர் இஸ்லாமியரின் நாதஸ்வரமும் யாழ்ப்பாணத்துச் சைவர் ஒருவரின் தவிலும் இணைந்தபோது, இரசிகர்கள் சுரத்தையும் லயத்தையுமே கேட்டனர்.

1975இல், நாற்பதைச் சற்றே கடந்த வயதில், தெட்சணாமூர்த்தி காலமானார்.

மேலைநாட்டில் ஜாஸ் பாடகர் ஒருவரின் பெயரைச் சொன்னால் போதும். எந்த ஆண்டு, எந்த நிலையத்தில், யார் யார் உடன் வாசிக்க எந்த இசைத்தட்டு பதிவாயிற்று என்று பட்டியலே கிடைக்கும். அவரைப் போலவே மேடையில் கற்பனையை விரித்த நம் கலைஞரின் நிலை வேறு. இன்று நாம் கேட்கும் வாசிப்புகளில் பெரும்பாலானவை, கோயில் கச்சேரிகளில் இரசிகர்கள் தம் ஆர்வத்தால் நாடாவில் பதிந்தவையே. ஒலிபெருக்கி இரைச்சலும் கூட்டத்தின் ஆரவாரமும் அவற்றில் கலந்துள்ளன. போரிலும், 1995ஆம் ஆண்டின் வலிகாமம் இடப்பெயர்விலும் வீடுகளைத் துறந்தோர் நாடாக்களையா சுமந்து சென்றிருப்பர்?

எஞ்சியவை இப்போது இணையத்தில் உலவுகின்றன; அம்மட்டில் மகிழ்ச்சியே. அம்ஷன் குமார் இயக்கிய ஆவணப்படம் 2015ஆம் ஆண்டுக்கான இந்திய தேசிய விருதைப் பெற்றதும் அவர் பெயரைப் புதிய தலைமுறைக்குக் கொண்டு சென்றது. தமிழகத்துக் கலைஞர் ஒருவர் செய்த அப்பணியை நாம் முதலில் செய்திருக்க வேண்டும்.

பல பதிவுகளில் கோயிலின் பெயரில்லை, ஆண்டில்லை, நாதஸ்வரம் வாசித்தவர் பெயரும் இல்லை. கேட்ட மாத்திரத்தில் இது இன்ன கோயில், இன்னார் வாசிப்பு என்று சொல்லவல்ல இரசிகர்கள் அளவெட்டியிலும் இணுவிலிலும் புலம்பெயர் நாடுகளிலும் இருக்கின்றனர். அவர்களும் எழுபதைக் கடந்துவிட்டனர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இசை மாணவர்கள் ஒரு விடுமுறைக் காலத்தில் அவர்களை நாடிச் சென்று, ஒலிக்கவிட்டுக் கேட்டுக் குறித்துக்கொள்ளத்தக்க வேலைதான் இது.