மாமல்லர் காமா பயில்வான்



மல்யுத்தம் தமிழர்க்குப் புதிய கலையன்று. ஏழாம் நூற்றாண்டில் காஞ்சியிலிருந்து ஆட்சி புரிந்த பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன், மற்போரில் வல்லவனாக விளங்கியமையால் மாமல்லன் எனப் பெயர் பெற்றான். அவன் பெயரைத் தாங்கி நிற்பதே மாமல்லபுரம். நாம் வாழும் இம்மண்ணிலும் இக்கலை பெரிதும் போற்றப்பட்டது. 1950ஆம் ஆண்டுகளில் தாராசிங், கிங்காங் என்னும் பயில்வான்களின் பெயர்களைக் கேட்டு வளர்ந்த முதியோர் இன்றும் நம் தோட்டங்களில் உள்ளனர். அத்தாராசிங், சிங்கப்பூரில் ஓர் ஆலைத் தொழிலாளியாக வேலை செய்துகொண்டே மல்யுத்தம் பயின்றவர் ஆவார். அவருக்கு முந்திய தலைமுறையில், உலகமே வியந்து நோக்கிய மாமல்லர் ஒருவர் இருந்தார். காமா பயில்வான் எனப் புகழ்பெற்ற அவருடைய வரலாற்றை இங்குக் காண்போம்.

இளமையும் பயிற்சியும்

காமாவின் இயற்பெயர் குலாம் முகம்மது என்பதாகும். இவர் 1878ஆம் ஆண்டு, பரம்பரையாக மல்யுத்தம் பயின்று வந்த ஒரு குடும்பத்தில் பிறந்தார். ஆறு வயதிலேயே தந்தையை இழந்தார். பயில்வான்களாகிய பாட்டனாரும் மாமனும் அவரை வளர்த்துப் பயிற்சியளித்தனர்.

காமாவுக்குப் பத்து வயது நடந்தபோது, ஜோத்பூர் மன்னர் உடல்வலிமைப் போட்டி ஒன்றை நடத்தினார். நானூற்றுக்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டனர். ஓய்வின்றிப் பஸ்கி போடுவதே போட்டி. பெரிய பெரிய பயில்வான்களெல்லாம் களைத்து ஒதுங்கினர். இறுதிவரை நின்ற பதினைவருள் சிறுவன் காமாவும் ஒருவன்! அவனது வயதைக் கருதி, அவனையே வெற்றியாளன் என மன்னர் அறிவித்தார். அதன் பின்னர் ததியா சமஸ்தானத்து மன்னர் அவனை ஆதரித்துப் பயிற்சிக்கு வேண்டிய வசதிகளைச் செய்து கொடுத்தார்.

அன்று தொடங்கிய பயிற்சியைக் காமா இடைவிடாது தொடர்ந்தார். நாள்தோறும் ஐயாயிரம் பஸ்கிகளும் மூவாயிரம் தண்டால்களும் எடுப்பார் என்பர். பாலும் பாதாமும் அவருடைய உணவில் முக்கிய இடம் பெற்றன. கழுத்தில் மாட்டிக்கொண்டு அவர் பஸ்கி போட்ட 95 கிலோ எடையுள்ள வளையம், பட்டியாலாவிலுள்ள தேசிய விளையாட்டுக் கழகத்தின் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது.

இலண்டன் மாநகரில்

1910ஆம் ஆண்டில் காமாவும் அவர்தம் இளவல் இமாம் பக்‌ஷும் இலண்டன் சென்றனர். பல நாட்டு மல்லர்களும் அங்குக் கூடியிருந்தனர். ஆனால் காமாவின் உயரம் ஐந்தடி ஏழங்குலமே. அவரது உருவத்தைக் கண்டவர்கள் போட்டியில் சேர்த்துக்கொள்ள மறுத்துவிட்டனர்.

மனம் உடைந்து அவர் ஊர் திரும்பினாரா? இல்லை. எந்த எடையினராயினும் மூன்று மல்லர்களை முப்பது நிமிடத்தில் வீழ்த்துவதாக அறைகூவல் விடுத்தார். முதலில் இதனை வெறும் வாய்ப்பேச்சு என்றே பலரும் எண்ணினர். பின்னர் அமெரிக்க மல்லராகிய டாக்டர் ரோலர் முன்வந்தார். காமா அவரை முதன்முறை இரண்டு நிமிடத்திற்குள்ளும், மறுமுறை பத்து நிமிடத்திற்குள்ளும் வீழ்த்தினார். உருவம் கண்டு ஒருவரை இகழலாகாது என்னும் வள்ளுவர் நெறியை இலண்டன் மாநகரம் அன்று கண்ணாரக் கண்டது.

அடுத்து வந்தவர் போலந்து நாட்டு மாமல்லர் ஸ்பிஸ்கோ. எடையில் அவர் காமாவை வெகுவாக மிஞ்சியவர். 1910 செப்டம்பர் 10ஆம் நாள் இருவரும் மோதினர். எதிராளியின் இரு தோள்களும் தரையில் படும்படி மல்லாத்தினால்தான் வெற்றி. இதனை நன்கு அறிந்த ஸ்பிஸ்கோ, குப்புறப் படுத்துத் தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டார். அப்பெரிய உடலைப் புரட்டக் காமா முயன்றவண்ணம் இருந்தார். இரண்டரை மணி நேரத்திற்கும் மேலாகியும் முடிவு ஏற்படவில்லை. செப்டம்பர் 17ஆம் நாள் மீண்டும் மோதுவதென முடிவாயிற்று. ஆனால் அன்று ஸ்பிஸ்கோ வரவேயில்லை! ஆகவே காமாவே வெற்றியாளராக அறிவிக்கப்பட்டு, ஜான்புல் பட்டையைப் பரிசாகப் பெற்றார்.

தாயகம் திரும்பியபின், ஏறத்தாழ ஏழடி உயரமுள்ள ரஹீம் பக்‌ஷ் என்னும் மல்லரை அலகாபாத்தில் வென்றார். 1928ஆம் ஆண்டு ஸ்பிஸ்கோ பட்டியாலாவுக்கு வந்து மீண்டும் மோதினார். அப்பொழுது காமா ஐம்பது வயதை நெருங்கியிருந்தார். எனினும் ஒரு நிமிடத்திற்குள் ஸ்பிஸ்கோவை மண்ணில் சாய்த்தார். பதினெட்டு ஆண்டுகள் கழிந்தும் பயிற்சியைக் கைவிடாததன் பயன் அது.

அடைக்கலம் அளித்த தோள்கள்

காமாவின் புகழுக்கு மணிமுடியாக விளங்குவது கோதாவில் பெற்ற வெற்றியன்று. 1947ஆம் ஆண்டில் இந்தியா, பாகிஸ்தான் என நாடு பிரிந்தபோது பஞ்சாப் முழுவதும் மதக்கலவரம் மூண்டது. இலட்சக்கணக்கானோர் வீடிழந்தனர், எண்ணற்றோர் உயிரிழந்தனர். அப்பொழுது காமா லாகூரில் வாழ்ந்தார். அவர் முஸ்லிம்; அவர் தெருவிலோ இந்துக் குடும்பங்கள் பல இருந்தன. அவர்களைத் தாக்க ஒரு கும்பல் வந்தபோது, காமா தம் சக மல்லர்களோடு முன்னே வந்து நின்று அக்கும்பலைத் திருப்பியனுப்பினார் என்றும், பின்னர் அக்குடும்பங்களுக்கு உணவுப் பொருள்களும் கொடுத்து எல்லைவரை பாதுகாப்பாக அனுப்பி வைத்தார் என்றும் கூறுவர். அண்டை வீட்டார் அஞ்சி நடுங்கிய அவ்வேளையில், அவரது வலிமை அவர்களுக்குக் கதவாகவும் தாழ்ப்பாளாகவும் நின்றது.

மன்னர்களின் ஆதரவு மறைந்த பின்னர், முதுமையில் காமா நோயாலும் வறுமையாலும் வாடினார். எல்லைக்கு அப்பாலிருந்து, இந்தியத் தொழிலதிபர் பிர்லா அவருக்குப் பொருளுதவி செய்தார். 1960 மே 23ஆம் நாள் லாகூரில் அம்மாமல்லர் மறைந்தார்.

நாம் கற்கவேண்டியவை

மாணவர்களே! நம் நெகிரி செம்பிலான் தோட்டப் பள்ளிகள் பல, எண்ணிக்கையில் சிறியவை. மாவட்ட அளவிலான போட்டிகளுக்குச் செல்லும்போது, பட்டணத்துப் பெரிய பள்ளிகளின் மாணவர்களைக் கண்டவுடனேயே நம் பிள்ளைகள் சிலர் தளர்ந்துவிடுகின்றனர். இலண்டனில் ஒதுக்கி நிறுத்தப்பட்ட காமாவை அவ்வேளையில் எண்ணிக்கொள்ளுங்கள். பத்து வயதில் தொடங்கிய தினப்பயிற்சியே அவரை அங்குத் தலைநிமிர்ந்து பேசவைத்தது. ஓட்டமாயினும் கணக்காயினும், நாள்தோறும் சிறிது நேரம் தவறாமல் பயிலுங்கள்.

பெற்றோர்களே! விடியுமுன் வேலைக்குச் செல்லும் உங்களுக்கு ஓய்வு குறைவு என்பதை அறிவோம். எனினும் பிள்ளைகள் காலத்தோடு உண்டு, உறங்கி, பயிற்சிக்கு வருவதற்குத் துணைநில்லுங்கள்.

பல இனத்தவரும் பல சமயத்தவரும் அடுத்தடுத்து வாழும் நாடு நம் மலேசியா. உடல் வலிமை பெற்ற பிள்ளை, தன்னினும் எளியவனை அடிக்கக் கை ஓங்கினால் அவ்வலிமையால் யாருக்கு என்ன பயன்? அஞ்சி நிற்பவனுக்கு முன்னால் சென்று நில்லுங்கள். அதுவே காமா பயில்வானின் வழி.