ஒலிபரப்பின் சிற்பி ரீத் பிரபு

பத்திரிகை நடத்த விரும்புகிறவருக்கு அச்சகமும் பொருள் வசதியும் இருந்தால் போதும். ஓர் ஊரில் பத்துப் பத்திரிகைகள் வெளிவந்தாலும் ஒன்றின் எழுத்தை மற்றொன்று அழித்துவிடுவதில்லை. வானொலியின் தன்மை வேறு. ஒரே அலைவரிசையில் இரண்டு நிலையங்கள் பேசத் தொடங்கினால் இரண்டுமே கேட்பதில்லை, இரைச்சல்தான் கேட்கும். 1926இல் அமெரிக்காவில் இதுதான் நடந்தது. நிலையங்களுக்கு அலைவரிசை வகுத்துக் கொடுக்க அரசுக்குச் சட்டப்படி அதிகாரம் இல்லை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்ததும், பல நிலையங்கள் தம் விருப்பம்போல் அலைவரிசைகளை மாற்றிக்கொண்டன. அடுத்த ஆண்டே தனிச் சட்டம் இயற்றி, ஓர் ஆணையத்தை அமைத்துத்தான் அந்நாட்டால் அக்குழப்பத்தை அடக்க முடிந்தது.

எனவே ஒலிபரப்புக்கு அரசின் ஒழுங்குமுறை தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால், அலைகளைப் பங்கிடும் அரசு, அவற்றின் வழியே செல்லும் சொற்களையும் தன் கைக்குள் வைத்துக்கொள்ளலாமா? இக்கேள்விக்குத் தம் உழைப்பால் ஒரு விடையை உருவாக்கியவர், பி.பி.சி. எனப்படும் பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகத்தின் முதல் தலைமை இயக்குநர் ஜான் ரீத் ஆவார். அவருடைய வாழ்க்கையில் போற்றத் தக்கனவும் உண்டு. எச்சரிக்கையாகக் கொள்ளத் தக்கனவும் உண்டு.

இளமை

ரீத் 1889ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் நாள் ஸ்காட்லாந்தின் கடற்கரை ஊராகிய ஸ்டோன்ஹேவனில் பிறந்தார். தந்தை கிறித்தவச் சமயகுரு. ஏழு குழந்தைகளில் இவரே கடைக்குட்டி. பல்கலைக்கழகப் படிப்பு இவருக்கு வாய்க்கவில்லை. கிளாஸ்கோ நகரில் இரயில் எஞ்சின் செய்யும் தொழிற்சாலையில் பயிற்சியாளராகச் சேர்ந்து பொறியாளரானார். ஆறரை அடி உயரம். அதற்கேற்ற நிமிர்ந்த நடை. முதல் உலகப் போரில் 1915இல் எதிரியின் குண்டு இவருடைய கன்னத்தைக் கிழித்தது. அந்தத் தழும்பு இறுதிவரை மறையவில்லை.

புதிய பணி

1922 அக்டோபரில் வானொலிக் கருவிகள் செய்யும் நிறுவனங்கள் ஒன்றுகூடிப் பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கம்பெனியைத் தொடங்கின. நிகழ்ச்சிகள் இருந்தால்தானே கருவிகள் விற்பனையாகும்? அதன் பொது மேலாளர் பதவிக்கு விளம்பரம் கண்டு ரீத் விண்ணப்பித்தார். ஒலிபரப்பு என்றால் என்னவென்றே அப்போது தமக்குத் தெரியாது என்பதைப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். அவ்வாண்டின் இறுதியில் பணியேற்றபோது அவருக்கு வயது 33. ஊழியர்கள் விரல் விட்டு எண்ணத் தக்கவர்களே.

ஒலிபரப்பு அஞ்சல் துறையின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. கருவி வைத்திருப்போர் அஞ்சலகத்தில் ஆண்டுக்கு 10 ஷில்லிங் கட்டி உரிமம் பெற வேண்டும். அத்தொகையில் ஒரு பகுதியே கம்பெனிக்குக் கிடைத்தது. பத்திரிகை முதலாளிகளின் வற்புறுத்தலால் மாலை 7 மணிக்கு முன் செய்தி ஒலிபரப்பக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தது. கருத்து வேறுபாட்டுக்கு இடமான பொருள்களைத் தொடவும் தடை. இத்தனை தளைகளுக்கு இடையே ரீத் ஒரு கொள்கையை வகுத்துக்கொண்டார். வானொலி வாணிகப் பொருள் அன்று. மக்களுக்குச் செய்தியும் அறிவும் இன்பமும் அளிக்கும் பொதுப்பணி. அது இலாபம் தேடுவோர் கையிலும் இருத்தல் கூடாது. ஆளுங்கட்சியின் கையிலும் இருத்தல் கூடாது. இதுவே அக்கொள்கை.

ஒன்பது நாள் சோதனை

இக்கொள்கைக்குக் கடுமையான சோதனை 1926 மே மாதத்தில் வந்தது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு ஆதரவாக நாடெங்கும் பொது வேலைநிறுத்தம் மூண்டது. அச்சுத் தொழிலாளரும் அதில் சேர்ந்ததால் பெரும்பாலான பத்திரிகைகள் நின்றுபோயின. மக்கள் செய்தி அறிய வானொலியையே நம்பினர். மாலை 7 மணிக் கட்டுப்பாடு விலகி, நாள்தோறும் ஐந்து முறை செய்தி வாசிக்கப்பட்டது. வானொலியை அரசே கையகப்படுத்த வேண்டும் என்று அமைச்சர் சர்ச்சில் வாதாடினார். பிரதமர் பால்ட்வின் அதற்கு இசையவில்லை. கம்பெனி தன் பொறுப்பில் இயங்க ரீத் இடம் பெற்றுவிட்டார்.

ஆனால் அதற்கு அவர் கொடுத்த விலை சிறிதன்று. அரசின் அறிக்கைகளோடு தொழிற்சங்கங்களின் அறிக்கைகளும் வாசிக்கப்பட்டன என்பது உண்மை. எனினும், எதிர்க்கட்சித் தலைவர் மக்டொனால்டு வானொலியில் பேசக் கேட்டபோது இடம் தரப்படவில்லை. சமரசம் வேண்டிக் காண்டர்பரி பேராயர் விடுத்த வேண்டுகோளும் உடனே ஒலிபரப்பப்படவில்லை. அரசு தன்னைக் கைப்பற்றாமல் இருப்பதற்காக, அரசுக்கு உகந்ததையே வானொலி தானாகச் செய்துவிட்டது என்று தொழிலாளர் தரப்பினர் குறை கூறினர். அந்தக் குறையில் உண்மை இல்லாமல் இல்லை. நிறுவனம் பிழைத்தது, நடுநிலை காயம்பட்டது.

கழகத்தின் அமைப்பு

1927 ஜனவரி முதல் நாள் கம்பெனி மறைந்து, அரச பட்டயம் பெற்ற கழகம் பிறந்தது. ரீத் அதன் தலைமை இயக்குநரானார். அவ்வாண்டே சர் பட்டமும் பெற்றார். இவ்வமைப்பை மாணவர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். பட்டயத்தின் காலம் பத்து ஆண்டுகள். அரசின் பரிந்துரைப்படி அரசர் நியமிக்கும் ஐந்து ஆளுநர்கள் கழகத்தை மேற்பார்வை செய்வர். வருவாய் உரிமக் கட்டணத்திலிருந்து வரும். எந்த நிகழ்ச்சியையும் நிறுத்துமாறு ஆணையிடும் அதிகாரத்தை அஞ்சல் துறை அமைச்சர் தம்மிடமே வைத்துக்கொண்டார். எனினும் அன்றாட நடைமுறையில் அவர் தலையிடுவதில்லை. உறையில் வாள் இருக்கும். அதை எளிதில் உருவ மாட்டார்கள். அந்த இடைவெளியில்தான் கழகத்தின் சுதந்திரம் வளர்ந்தது. 1928இல் கருத்து வேறுபாட்டுப் பொருள்கள் மீதிருந்த பொதுத் தடையும் நீங்கியது.

ரீத்தின் ஆட்சி இரும்புப் பிடியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வழிபாடும் கனமான இசையும் சொற்பொழிவுகளுமே ஒலித்தன. தலைமைப் பொறியாளராகத் திறம்பட உழைத்த எக்கர்ஸ்லி, மணவிலக்கு வழக்கில் சிக்கியதால் 1929இல் பதவி விலக நேர்ந்தது. மக்கள் விரும்புவதைத் தருவதைவிட அவர்களுக்கு நல்லதைத் தருவதே தம் கடமை என்று ரீத் எண்ணினார். மக்களோ ஞாயிற்றுக்கிழமைகளில் லக்சம்பர்க் நிலையத்தின் விளம்பர நிகழ்ச்சிகளுக்குக் காதைத் திருப்பினர். அலைகளுக்கு எல்லைச் சாவடி ஏது?

நம் நாட்டு ஒலிபரப்பிலும் இவருடைய தடம் உண்டு. இந்தியாவில் வானொலியை வளர்க்க வேண்டும் என்று அவர் இடைவிடாது வற்புறுத்தி வந்தார். அவருடைய கழகத்திலிருந்து வந்த லயனல் ஃபீல்டன் 1935இல் இங்கு ஒலிபரப்புத் துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அகில இந்திய வானொலி என்ற பெயர் 1936இல் வழக்கிற்கு வந்தது. ஆனால் தாய்க்கழகத்துக்கு இருந்த பட்டயம் சேய்க்குக் கிடைக்கவில்லை. அது அரசுத் துறையாகவே வளர்ந்தது. 1990இல் பிரசார் பாரதி சட்டம் நிறைவேறி, 1997இல்தான் நடைமுறைக்கு வந்தது.

போருக்குப் பின்

1938இல் ரீத் கழகத்தை விட்டு விலகி விமானப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றின் தலைவரானார். அப்போது பிரிட்டனில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட வானொலி உரிமங்கள் இருந்தன. போர்க்காலத்தில் அமைச்சர் பதவிகள் வகித்தார். 1940இல் பிரபு ஆனார். 1942இல் அமைச்சரவையிலிருந்து நீக்கப்பட்டார். தம் ஆற்றலுக்கேற்ற பணி கிட்டவில்லை என்ற ஏக்கம் அவரை இறுதிவரை வாட்டியது.

போர் முடிந்து 1946இல் தொலைக்காட்சி மீண்டும் தொடங்கியது. அதற்கான உரிமக் கட்டணம் ஆண்டுக்கு 2 பவுன். கழகத்தின் தனியுரிமை நீடிக்கலாமா என்ற விவாதமும் எழுந்தது. அதை ஆராய்ந்த பெவரிட்ஜ் குழு, 1951இல் தனியுரிமை தொடரலாம் என்று பரிந்துரைத்தது. உறுப்பினர் செல்வின் லாயிட் மட்டும் மறுப்புரை எழுதினார். அவ்வாண்டு ஆட்சிக்கு வந்த கன்சர்வேடிவ் கட்சி அந்த மறுப்புரையின் பக்கமே சாய்ந்தது.

1952 மே மாதம் பிரபுக்கள் சபையில் ரீத் எழுந்து பேசினார். பெரியம்மையையும் கொள்ளை நோயையும் முன்பு யாரோ நாட்டிற்குள் கொண்டுவந்ததைப்போல, இன்று விளம்பர ஒலிபரப்பைக் கொண்டுவர முயல்கிறார்கள் என்று சாடினார். சபை திகைத்தது, அரசு அசையவில்லை. அடுத்த ஆண்டு முடிசூட்டு விழாவை அமெரிக்கத் தொலைக்காட்சி விளம்பரங்களுக்கு இடையிலும் ஒரு சிம்பன்சிக் குரங்கின் நிகழ்ச்சியோடும் காட்டியது என்ற செய்தி வந்தபோது, ரீத்தின் அச்சம் வீண் அல்ல என்று பலரும் கருதினர்.

1954 ஜூலையில் தொலைக்காட்சிச் சட்டம் நிறைவேறியது. அச்சத்தையும் அது கணக்கில் கொண்டது எனலாம். ஒளிபரப்புக் கோபுரங்கள் பொது ஆணையம் ஒன்றின் உடைமை. தனியார் நிறுவனங்கள் நிகழ்ச்சிகளை மட்டும் அளிக்கும். விளம்பரதாரர் நிகழ்ச்சியின் உள்ளடக்கத்தில் தலையிட முடியாது. விளம்பரத்துக்கு மணிக்குச் சராசரி 6 நிமிடம் என்ற வரம்பு. அரசியல், சமய விளம்பரங்களுக்கு இடமில்லை. செய்தி நடுநிலை தவறக் கூடாது. 1955 செப்டம்பர் 22ஆம் நாள் புதிய சேவை லண்டனில் தொடங்கியது. முதல் விளம்பரம் ஒரு பற்பசைக்கு! இரண்டும் கிடைத்த வீடுகளில் பெரும்பாலோர் புதியதையே விரும்பிப் பார்த்தனர்.

அரசின் கை அந்நாளில் வேறு வழிகளிலும் நீண்டது. குழந்தைகள் உறங்கச் செல்வதற்காக மாலை 6 முதல் 7 வரை தொலைக்காட்சி நிறுத்தப்பட வேண்டும் என்ற விதி 1957 வரை இருந்தது. அடுத்த 14 நாள்களில் பாராளுமன்றம் விவாதிக்கவிருக்கும் எதையும் வானொலியோ தொலைக்காட்சியோ விவாதிக்கலாகாது என்பது மற்றொரு விதி.

அந்த விதி சூயஸ் நெருக்கடியின்போது ஆட்டம் கண்டது. 1956 நவம்பர் 3ஆம் நாள் பிரதமர் ஈடன் போர் நடவடிக்கையை ஆதரித்துப் பேசினார். மறுமொழி கூற எதிர்க்கட்சித் தலைவர் கெய்ட்ஸ்கெல் இடம் கேட்டார். அரசுக்கு அது கசந்தது. எனினும் கழகம் இடமளித்தது. மறுநாளே அவர் பேசினார். 30 ஆண்டுகளுக்கு முன் மக்டொனால்டுக்கு மறுக்கப்பட்டது இப்போது கிடைத்துவிட்டது! ரீத் அமைத்த வீடு, அவர் துணியாத ஒன்றைத் துணிந்து செய்தது. 14 நாள் விதியும் அந்த ஆண்டின் இறுதியிலேயே நிறுத்தி வைக்கப்பட்டது.

நாம் அறிவது

ரீத் 1971 ஜூன் 16ஆம் நாள் எடின்பரோவில் காலமானார். 1948 முதல் அவர் பெயரால் ரீத் சொற்பொழிவுகள் நடைபெற்று வருகின்றன. 1975இல் அவருடைய நாட்குறிப்புகள் அச்சேறியபோது, முப்பதுகளில் ஹிட்லரையும் முசோலினியையும் அவர் வியந்திருந்ததும் வெளிப்பட்டது. தாம் ஒருவரே நல்லதை அறிவோம் என்று எண்ணும் உள்ளம் எங்கே இடறும் என்பதற்கு இது சான்று.

ஒலிபரப்பு சுதந்திரமாக இருக்க வேண்டுமானால் அது தனியுரிமையாகவும் இருக்க வேண்டும் என்று ரீத் நம்பினார். பின்வந்த வரலாறு அதை மெய்ப்பிக்கவில்லை. போட்டி வந்த பிறகும் கழகம் அழியவில்லை. முன்னினும் துணிவே பெற்றது. ஆனால் அரசு விதி வகுக்கலாம், வாய்ப்பூட்டுப் போடலாகாது என்ற அவருடைய அடிப்படை நிலைத்தது. அந்த எல்லையைப் பட்டயம் தாளில்தான் வரைய முடியும். நெருக்கடி வரும் நாளில் எதிர்க்குரலுக்கும் ஒலிவாங்கியைத் திறந்து வைக்கும் துணிவுள்ளவர்களே அதை உண்மையில் காக்கின்றனர். 1926இன் தயக்கமும் 1956இன் துணிவும் நமக்கு உணர்த்துவது இதுவே.