தேனீக்கு வீடு கொடுத்த பாதிரியார்

திருச்சியில் நியூட்டன் என்று ஒரு பாதிரியார் இருந்தார். அந்தக் காலத்தில் தேன் எடுப்பது என்றால் கொலைதான்! பொந்தில் தீ மூட்டுவார்கள். தேனீக்கள் கருகும். அடையைப் புழுவோடு சேர்த்துப் பிழிவார்கள்.

நியூட்டனுக்கு இது பொறுக்கவில்லை போலும். நம் நாட்டுத் தேனீ சிறியது. இருட்டிலே வரிசையாக அடை கட்டும். ஐரோப்பியப் பெட்டி அதற்குப் பெரிது. ஆகவே 7 சட்டங்கள் கொண்ட சிறு மரப்பெட்டி செய்தார். கீழ் அறையில் புழுக்கள். மேல் அறையில் தேன். தேனை மட்டும் எடுக்கலாம். தேனீக் குடும்பம் பிழைக்கும்!

1911 முதல் 1917 வரை கிராமத்தாருக்கு இதைக் கற்றுக் கொடுத்தார். குஜிலியம்பாறை ஆனாலும் பெரிய பட்டணம் ஆனாலும், அக்கம்பக்கத்தில் முருங்கையும் தென்னையும் பூத்தால் கொல்லையில் ஒரு பெட்டி வைக்கலாம்.

1991க்குப் பின் வைரஸ் நோய் பரவித் தென்னாட்டில் ஏராளமான கூட்டங்கள் அழிந்தன. எஞ்சியவற்றைப் பலரும் பெருக்கியது இத்தகைய பெட்டிகளில்தான். இன்றும் அதற்குப் பெயர் நியூட்டன் பெட்டி.