தப்பான அட்டைக்கு உரக்க மணியடிக்கும் இயந்திரம்: யார் இந்த சார்லஸ் பாபேஜ்?

போனில் ஒரு போட்டோவைத் திறக்கிறீங்க. ஆப் நேராகப் போய் ஸ்டோரேஜைத் தொடுவதில்லை. ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னலிடம் கேட்கிறது: இந்த ஃபைலில் இத்தனையாவது பைட்டிலிருந்து, இத்தனை பைட் எடுத்து, மெமரியில் இந்த முகவரியில் வை. இந்த மூன்று எண்களையும் கெர்னல் அப்படியே நம்பிவிடக் கூடாது. முகவரி அந்த ஆப்புக்குச் சொந்தமானதுதானா? அவ்வளவு பைட் வைக்க அங்கே இடம் இருக்கா? தொடக்கத்தையும் நீளத்தையும் கூட்டும்போது எண் நிரம்பி வழிந்து, சின்ன எண் மாதிரி வேஷம் போடுதா? இதில் ஒன்றைப் பார்க்காமல் விட்டாலும் அடுத்த ஆப்பின் டேட்டா கசியலாம். மொத்த போனும் வேறொருவர் கைக்குப் போகலாம்.

இந்தச் சந்தேகப் புத்தியை 19-ம் நூற்றாண்டிலேயே ஓர் இயந்திரத்துக்குள் வைக்க நினைத்தவர் சார்லஸ் பாபேஜ்.

1791-ல் லண்டனில் பிறந்தவர். 1821-ல் நண்பர் ஜான் ஹெர்ஷலுடன் உட்கார்ந்து வானியல் அட்டவணைகளைச் சரிபார்த்தபோது, பிழை மேல் பிழை. கடலில் போகிறவர்கள் நம்பியிருந்ததும் இப்படிக் கையால் கணக்கிட்ட அட்டவணைகளைத்தான். இதை இயந்திரமே போட்டால் என்ன என்று டிஃபரன்ஸ் எஞ்சினைத் தொடங்கினார். பிரிட்டிஷ் அரசு சுமார் 17,000 பவுண்டு கொட்டியது. நடுவில் பொறியாளர் ஜோசப் கிளெமென்ட்டோடு சண்டை. 1842-ல் அரசு கையை விரிச்சிருச்சு.

அதற்குள் அவர் மனசு வேறொன்றுக்குத் தாவியிருந்தது: அனலிட்டிகல் எஞ்சின். எண்களை வைக்க ஒரு சேமிப்புப் பகுதி, கணக்குப் போட ஒரு ஆலை, கட்டளை தர துளையிட்ட அட்டைகள். காஞ்சிபுரம் பட்டு நெசவில் பார்க்கும் அதே ஜக்கார்டு அட்டை முறைதான்.

தப்பான எண்ணைக் கொடுத்தாலும் சரியான விடை வருமா என்று எம்.பி.க்கள் இரண்டு முறை தன்னிடம் கேட்டதாக பாபேஜ் பின்னாளில் எழுதினார். இப்படியும் குழம்ப முடியுமா என்று அவருக்கு ஆச்சரியம். எக்செல் ஷீட்டோடு மல்லுக்கட்டும் நமக்கு அது அவ்வளவு அசட்டுக் கேள்வியாகத் தெரியாது!

இதைவிட முக்கியமான ஒரு விஷயத்தையும் 1864-ல் வந்த தன் வாழ்க்கை நூலில் அவர் விவரிக்கிறார். கணக்கின் நடுவே ஒரு எண்ணின் லாகரிதம் தேவைப்பட்டால், எஞ்சின் மணியடித்து அந்த எண்ணைக் காட்டும். உதவியாளர் அதற்குரிய அட்டையைத் தேடி எடுத்துச் செருகணும். அட்டையில் எண், லாகரிதம் இரண்டும் இருக்கும். எஞ்சின் உடனே லாகரிதத்தை எடுத்துக்கொள்ளாது. தான் கேட்ட எண்ணிலிருந்து அட்டையில் உள்ள எண்ணைக் கழித்துப் பார்க்கும். பூஜ்யம் வந்தால் சரி. வராவிட்டால் இன்னும் உரக்க மணி. தவறான எண் என்று ஒரு பலகை வெளியே வரும். சரியான அட்டை வரும்வரை எஞ்சின் நகராது.

இந்தச் சோதனைக்கும் ஒரு எல்லை உண்டு. கேட்ட அட்டைதானா என்பதை மட்டுமே அது பார்க்கும். அதிலுள்ள லாகரிதமே தப்பாக இருந்தால் கண்டுபிடிக்காது. அதனால்தான் அந்த அட்டைகளையும் எஞ்சினே கணக்கிட்டுத் துளையிடட்டும் என்றார். இன்றைய கெர்னலும் கோரிக்கை எல்லைக்குள் இருக்கா என்றுதான் பார்க்கும். போட்டோவுக்குள் என்ன இருக்கு என்பது அதன் வேலை இல்லை. கெர்னல் எழுதியவர்கள் பாபேஜைப் படித்து இதைச் செய்தார்கள் என்று சொல்ல முடியாது. வெளியிலிருந்து வருவதை நம்பாதே என்ற இடத்துக்கு இரு தரப்பும் தனித்தனியாக வந்து சேர்ந்திருக்கு.

1871 அக்டோபர் 18-ல் பாபேஜ் இறந்தார். அவர் வரைந்த இரண்டாவது டிஃபரன்ஸ் எஞ்சினின் கணக்குப் பகுதியை லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் 1991-ல் செய்து ஓட்டிக் காட்டியது. அந்த மணி இருக்கும் அனலிட்டிகல் எஞ்சினை அவர் முழுசாகக் கட்டவே இல்லை.