திருவொற்றியூர்ச் சதுரானன பண்டிதர்

சேரநாட்டிற் பிறந்து, பல கலையுங் கற்றுச் சோழநாடு போந்த இவர், முதற் பராந்தகன் மைந்தன் இராசாதித்தனுக்கு உயிர்த்தோழராயினார். 949-இல் தக்கோலப் போரில் யானைமேலிருந்தபடியே அவ்விளவரசன் பட்டான். உடன் மடியும் பேறு வாய்க்காமைக்கு நாணிய இவர், கங்கையாடி, ஒற்றியூரில் நிரஞ்சன குரவர்பால் துறவு பூண்டு, சதுரானன பண்டிதரென மடத்தலைமை எய்தினார்.

தொண்டைநாடோ, அப்போரில் வென்ற இராட்டிரகூட வேந்தன் கன்னரதேவன் கையது. அவனது 20-ஆம் ஆட்சியாண்டிற் பண்டிதர் நரசிங்கமங்கலத்துச் சபையாரிடம் 100 நிட்கப் பொன் வைத்து, அதன் வட்டியால் தமது அவிட்டநாளில் இறைவற்குச் சிறப்பு வழிபாடு நிகழச் செய்தார். பகைவேந்தன் ஆண்டு தலைக்கொண்ட அக்கல்லிலேயே தோழன் இராசாதித்தன் பெயரும் பொறிக்கப்பெற்றுளது. இதனைப் பணிவென்பாருமுளர், எமக்கு அங்ஙனந் தோன்றவில்லை. ஆள்வோன் ஆண்டின்றி அறம் நிலைபெறாதென்பது பண்டிதர் அறிந்ததே. தோழனை அவர் மறைத்திலர்.

பின்னர் முதல் இராசேந்திரன் காலத்தில், அம்மடத்துச் சதுரானனர் மற்றொருவர் ஏவ, இரவியென்னுந் தச்சன் ஒற்றியூர் விமானத்தைக் கற்றளியாக்கினான்.