ஒராபி பாஷாவும் துருக்கித் தொப்பியும்

எகிப்தின் விடுதலைக்காக வாளேந்தித் தோல்வியுற்ற அஹ்மத் ஒராபி பாஷா, 1883ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் திகதி நாடு கடத்தப்பட்ட கைதியாகக் கொழும்பை வந்தடைந்தார். அவரோடு வந்த தலைவர்கள் அறுவர். கைதிகளைக் காண இலங்கை முஸ்லிம்கள் துறைமுகத்தில் திரண்டனர். பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் இம்மண்ணில் வாழ்ந்த அவரது வரலாற்றைப் பேசுவோர் போர்க்களத்தையும் கல்விப் பணியையும் எடுத்துரைப்பது வழக்கம். அவர் தலையிலிருந்த சிவப்புக் குஞ்சத் தொப்பி இந்நாட்டு முஸ்லிம் ஆடவரின் உடையை மாற்றிய வரலாறோ ஓரிரு வரிகளில் கடந்து செல்லப்படுகிறது. அது அவ்வாறு கடந்து செல்லத்தக்க செய்தியன்று என்பது நமது எண்ணம்.

ஒராபி 1841இல் நைல் கழிமுகத்தில் ஸகாஸீக் நகருக்கு அண்மையிலுள்ள சிற்றூரொன்றில் பிறந்தார். தந்தை அவ்வூர்த் தலைவர். இளமையிலேயே அல்-அஸ்ஹரில் கல்வி பயின்ற அவர், உழவர் மக்களையும் படையில் சேர்க்கும் கொள்கை நடைமுறைக்கு வந்தபோது பதினான்கு வயதளவில் படையில் இணைந்தார். இருபது வயதிலேயே லெப்டினன்ட் கேணல் ஆனார். எனினும், உயர் பதவிகள் துருக்கிய, சேர்க்காசிய வழியினருக்கே உரியவையாய் இருந்தமையால் எகிப்திய உழவனின் மகன் அதற்குமேல் உயர்வது எளிதாயிருக்கவில்லை. அந்தப் புறக்கணிப்பே அவரைக் கிளர்ச்சிக்கு இட்டுச் சென்றது எனலாம். 1881 செப்டெம்பர் 9ஆம் திகதி ஆப்தீன் அரண்மனை முன்றலில் படையுடன் நின்று அரசியல் சீர்திருத்தம் கோரினார். மறு ஆண்டு போர் அமைச்சரானார். 1882 ஜூலையில் பிரித்தானியக் கடற்படை அலெக்சாந்திரியாவைக் குண்டுகளால் தாக்கியது. செப்டெம்பர் 13ஆம் திகதி தெல் எல்-கபீரில் அவரது படை சிதறியது. மரண தண்டனை விதிக்கப்பட்டு, அது உடனேயே நாடு கடத்தலாக மாற்றப்பட்டது.

தம்மை எகிப்தியர் என்றே பெருமையுடன் அழைத்துக் கொண்ட இம்மனிதர் அணிந்த தொப்பி எகிப்தியத் தொப்பியன்று. மொறோக்கோவின் ஃபெஸ் நகரின் பெயரால் அறியப்பட்ட அதனை, 1829இல் துருக்கிய சுல்தான் இரண்டாம் மஹ்மூத் தம் அரச ஊழியர்களுக்குத் தலைப்பாகைக்குப் பதிலாக ஆணையிட்டு அணிவித்தார். அன்று மார்க்க அறிஞர்களுக்கு மட்டுமே தலைப்பாகை விட்டுவைக்கப்பட்டது. காலப்போக்கில் அத்தொப்பிகளில் பெரும் பகுதி ஒஸ்திரியப் பேரரசின் ஆலைகளிலேயே செய்யப்பட்டது. ஒஸ்திரியா 1908இல் பொஸ்னியாவைத் தன்னுடன் இணைத்தபோது துருக்கியர் சினங்கொண்டு புறக்கணித்த பொருட்களில் இத்தொப்பி முதன்மையானது. தம் அடையாளமென்று போற்றியது அந்நியரின் ஆலையிலிருந்து வந்ததென்பதை அவர்கள் உணர நேர்ந்த வேளை அது.

இலங்கைச் சோனகர் அதுவரை சாரமும் பல நிற நூல் வேலைப்பாடு கொண்ட உயர்ந்த தொப்பியும் அணிந்து வந்தனர். ஆங்கிலக் கல்வி பெற்றாருக்கு அவ்வுடை போதாதென்று தோன்றியது. முற்றாக ஐரோப்பிய உடைக்கு மாறவும் மனம் ஒப்பவில்லை. இவ்விரு நிலைக்குமிடையில் தத்தளித்த தலைமுறையின் முன், கோட்டும் காற்சட்டையும் அணிந்து, தலையில் துருக்கித் தொப்பியுடன் ஒராபியும் தோழர்களும் நடமாடினர். ஆங்கிலேயருடன் போரிட்டவர்கள், ஆங்கிலேயர் தைத்தது போன்ற கோட்டை அணிந்தும் தலையை அவர்களிடம் ஒப்படைக்காதவர்கள். அக்காட்சி இளைஞர் மனத்தில் எத்துணை ஆழமாகப் பதிந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. கொழும்பிலும் கண்டியிலும் தொப்பி பரவிற்று. யாரும் சட்டம் இயற்றவில்லை, யாரும் கட்டளையிடவில்லை. மணமகனின் தலையணியாகவும் அது நம்மவரிடையே நிலைபெற்றது.

அறிஞர் சித்திலெப்பை ஒராபியின் நெருங்கிய நண்பரானார். கண்டியில் சட்டத்தரணியாய் இருந்த அவர், பாஷா வருவதற்குச் சில வாரங்களுக்கு முன், 1882 டிசெம்பரில்தான் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கியிருந்தார். இவ்வுறவின் பெரும் பயன் 1892இல் மருதானைப் பள்ளிவாசலை அண்டி எழுந்த ஸாஹிரா. சித்திலெப்பையும் வாப்பிச்சி மரிக்காரும் அதன் தூண்களாய் நிற்க, ஒராபி அதன் புரவலரானார். அவ்வாண்டளவிலேயே அவர் கண்டிக்குக் குடிபெயர்ந்தார். தோழர்களுள் சிலர் நாடு திரும்பும் நாளைக் காணாமலே இங்கு அடக்கமாயினர். 1901இல் மன்னிப்புக் கிடைத்து ஒராபி தாயகம் மீண்டார்.

அவர் சென்று நான்கு ஆண்டுகளின் பின்னரே அவரது தொப்பிக்குச் சோதனை வந்தது. 1905 மே 2ஆம் திகதி எம்.சி. அப்துல் காதர் என்ற முஸ்லிம் அப்புக்காத்து துருக்கித் தொப்பியுடன் உயர் நீதிமன்றத்தில் வழக்காட எழுந்தார். பிரதம நீதியரசர் லேயார்ட் மறுத்தார். ஐரோப்பிய முறையில் பாதணி அணிந்தவர் தலையைத் திறந்து நிற்க வேண்டும், தலையை மூடுபவர் பாதணியைக் கழற்ற வேண்டும் என்பது அன்றைய காலனித்துவ மரியாதை. அப்துல் காதர் எதனையும் கழற்றவில்லை. நீதிமன்றத்தை விட்டு வெளியேறினார்.

இதில் அவர் பணயம் வைத்தது எளிய பொருளன்று. வழக்காடுவதே அவரது தொழில். தொப்பியைச் சில நாழிகை மேசை மீது வைத்திருந்தால் எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். மார்க்கமும் துருக்கித் தொப்பியைக் குறிப்பிட்டுக் கடமையாக்கவில்லை. ஆயினும், தலைகுனியாமல் தொழில் செய்ய ஒருவர் தாமே தேர்ந்துகொண்ட உடை அது. அதனை மற்றொருவரின் கட்டளைக்காகக் களைவதற்கு அவர் உடன்படவில்லை. முஸ்லிம்கள் குழு அமைத்தனர். ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதன் செயலாளரானார். 1905 டிசெம்பர் 31ஆம் திகதி மருதானைப் பள்ளிவாசல் திடலில், ஸாஹிராவின் அருகிலேயே, மாபெரும் கூட்டம் கூடியது. இந்தியாவிலிருந்து மௌலவி ரபியுத்தீன் அஹ்மத் வந்து உரையாற்றினார். மன்னருக்கு விண்ணப்பம் சென்றது. முடிவில் தொப்பியுடன் வழக்காடும் உரிமை கிடைத்தது.

தமிழ் வாசகர்கள் இவ்விடத்தில் ஒன்றை நினைவுகூர்தல் வேண்டும். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1888இல் சோனகர் இனத்தால் தமிழரே என ஆய்வுரை நிகழ்த்தினார். அதற்கு 1907இல் நூல்வடிவில் மறுப்பெழுதியவர் தொப்பிக் குழுவின் அதே அப்துல் அஸீஸ். எனவே, அத்தொப்பி வெள்ளையருக்கு மட்டுமன்றித் தமிழர் தலைமைக்கும் ஒரு விடையாய் நின்றது என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால், அதை அணிந்தோர் தமிழைக் களையவில்லை. சித்திலெப்பையின் இதழ் தமிழில் வந்தது. அவரது 'அசன்பே சரித்திரம்' தமிழ் நாவல் வரலாற்றின் தொடக்க நூல்களுள் ஒன்று. தலையில் துருக்கியும் நாவில் தமிழுமாய் வாழ்வதில் அம்மக்கள் முரண்பாடு காணவில்லை. முரண்பாடு கண்டவர்கள் பிறரே.

மன்னாரிலிருந்து பூநகரி நோக்கிச் செல்லும் வீதியில் விடத்தல்தீவு, இலுப்பைக்கடவை வழியாகப் பயணிப்போர், கரைவலைக்கும் வயலுக்கும் செல்லும் ஆடவரைச் சாரத்தை வைத்து இன்னார் என்று பிரித்தறிய இயலாது. தொழுகைக்கும் திருமணத்துக்குமே தலையணி வேறுபடும். இவ்வாறிருந்தும் 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, ஒரே சாரமும் ஒரே மொழியும் அவர்களைக் காக்கவில்லை. மீள்குடியேறிய ஊர்களில் இன்று இளைஞரின் அரபு ஜுப்பா குறித்துப் புருவம் உயர்த்தும் பெரியவர்கள் உள்ளனர். அது இம்மண்ணின் உடையன்று என்பது அவர்தம் வாதம். அவ்வாதம் செல்லுமாயின் துருக்கித் தொப்பியும் அவ்வாறே வெளியேற்றத்தக்கது. எங்கிருந்து வந்தது என்பதினும், எவர் கட்டளையால் அணியப்படுகிறது என்பதே கேட்கத்தக்க கேள்வி. அக்கேள்வியை ஜுப்பா அணியும் இளைஞரும் தம்மிடம் கேட்டுக்கொள்ளல் நன்று.

தாயகம் திரும்பிய ஒராபியை எகிப்து அன்புடன் வரவேற்கவில்லை. ஆங்கிலேயரின் கருணையால் மீண்டவர் என்று புதிய தலைமுறைத் தேசியவாதிகள் அவரை ஒதுக்கினர். 1911 செப்டெம்பரில் கெய்ரோவில் அவர் காலமானார். பதினான்கு ஆண்டுகளின் பின், 1925 நவம்பரில், முஸ்தபா கமால் துருக்கியில் இத்தொப்பியைச் சட்டத்தால் தடைசெய்து ஐரோப்பியத் தொப்பியைக் கட்டாயமாக்கினார். எதிர்த்தோர் சிலர் தூக்கிலிடப்பட்டனர். ஆணையால் ஏறிய தொப்பி ஆணையாலேயே இறங்கிற்று. 1952 புரட்சிக்குப் பின் எகிப்தும் அதனைக் கைவிட்டது. இலங்கையில் அதன் பின்னரும் பல ஆண்டுகள் மணமகன்மார் அதனை அணிந்தே ஊர்வலம் வந்தனர். கண்டியில் பாஷா வாழ்ந்த இல்லம், அவரது வருகையின் நூற்றாண்டான 1983இல் அவர் பெயரால் பண்பாட்டு நிலையமாக்கப்பட்டது.