நிறுவியவர் யார்?

கொர்னேலியஸ் வாண்டர்பில்ட் என்றதும் பெரும் செல்வந்தர் ஒருவரே நம் நினைவுக்கு வருவார். ஆனால் அவர் கொடுத்த ஒரு கொடை, அவர் இறந்து 37 ஆண்டுகளுக்குப் பின் ஒரு திருச்சபையையும் ஒரு பல்கலைக்கழகத்தையும் நீதிமன்றத்தில் எதிரெதிராக நிறுத்தியது. இன்று அவரது வாழ்வைச் சற்றுச் சிந்திப்போம்.

1794ஆம் ஆண்டு மே 27ஆம் நாள் நியூயார்க் அருகே ஸ்டேட்டன் தீவில் அவர் பிறந்தார். பள்ளிப் படிப்பு 11 வயதோடு நின்றது. 16 வயதில் தாயிடம் 100 டாலர் கடன் பெற்று, படகு வாங்கி, ஆட்களையும் பொருள்களையும் ஏற்றிச் சென்றார். படகு நீராவிக் கப்பல்களானது. முதிய வயதில் இரயில் பாதைகளும் அவர் கைக்கு வந்தன. போட்டியாளரிடம் இரக்கம் காட்டாதவர் என்றும், கொடைக்கு எளிதில் கை நீட்டாதவர் என்றும் பெயர் எடுத்திருந்தார்.

1868இல் அவர் மனைவி சோபியா இறந்தார். மறு ஆண்டு, அமெரிக்காவின் தென்பகுதியைச் சேர்ந்த பிராங்க் கிராபோர்டு என்னும் பெண்மணியை மணந்தார். இப்பெண்மணியின் உறவினரான அமீலியா, தென் மெதடிஸ்ட் சபையின் ஆயர் ஹாலண்ட் மெக்டையரின் மனைவி. இந்த உறவே ஒரு பல்கலைக்கழகத்தின் கதவைத் திறந்தது.

உள்நாட்டுப் போரில் நலிந்துபோன தென்பகுதியில் ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று அச்சபையினர் விரும்பினர். 1872இல் அரசின் சாசனமும் பெற்றனர். 5 இலட்சம் டாலராவது கைக்கு வராமல் தொடங்குவதில்லை என்று முடிவு செய்திருந்தனர். பணமோ சேரவில்லை. 1873இல் மருத்துவத்திற்காக நியூயார்க் வந்த ஆயர் மெக்டையர், வாண்டர்பில்ட் வீட்டில் தங்கினார். அவ்வாண்டு மார்ச் மாதம் அச்செல்வந்தர் 5 இலட்சம் டாலர் தர முன்வந்தார். பல்கலைக்கழகம் நாஷ்வில்லிலோ அதன் அருகிலோ அமைய வேண்டும். மெக்டையரே அறங்காவலர் குழுவின் தலைவராக இருக்க வேண்டும். அவருக்கு வீட்டோ அதிகாரம் வேண்டும் என்பன அவருடைய நிபந்தனைகள். நன்றி நிறைந்த சபை, பல்கலைக்கழகத்திற்கு அவர் பெயரையே சூட்டியது. 1875இல் வகுப்புகள் தொடங்கின. அவரது கொடை ஏறக்குறைய 10 இலட்சம் டாலராக உயர்ந்தது.

1877 ஜனவரி 4ஆம் நாள் அவர் இறந்தபோது சொத்து ஏறக்குறைய 10 கோடி டாலர். அதில் மிகப் பெரும் பகுதியை மகன் வில்லியமுக்கு எழுதி வைத்திருந்தார். மற்றப் பிள்ளைகளில் சிலர் உயிலை எதிர்த்து நீதிமன்றம் சென்றனர். பிள்ளைகளுக்குள் வந்த வழக்கு சமரசத்தில் முடிந்தது. ஆனால் அவர் பெயர் தாங்கிய பல்கலைக்கழகத்தின் வழக்கு இன்னும் பிறக்கவில்லை.

1889இல் ஆயர் மெக்டையர் இறந்தார். செல்வந்தர் நம்பியது ஓர் ஆளை. அந்த ஆள் போன பின், அதிகாரம் யாருக்கு என்ற கேள்வி எழுந்தது. பல்கலைக்கழகத்தின் தலைவர் ஜேம்ஸ் கிர்க்லாண்ட் அதைச் சபையின் எல்லைகளைத் தாண்டி வளர்க்க விரும்பினார். ஆயர்களோ, இது நாங்கள் பெற்ற பிள்ளை என்றனர். 1910இல் சபையின் பொது மாநாடு மூன்று அறங்காவலர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பியது. குழு அவர்களை ஏற்க மறுத்தது. வழக்கு தொடங்கியது. 1913இல் ஆண்ட்ரூ கார்னகி மருத்துவக் கல்லூரிக்கென 10 இலட்சம் டாலர் தர முன்வந்தபோது, ஆயர்கள் அதையும் எதிர்த்தனர்.

கீழ்நீதிமன்றம் சபையின் பக்கம் நின்றது. ஆனால் 1914 மார்ச்சில் டென்னசி உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. பல்கலைக்கழகத்தை நிறுவியவர் சபை அன்று. நிதி தந்த வாண்டர்பில்டே என்றது. ஆயர்களின் வீட்டோ செல்லாது என்றது. அதே ஆண்டு சபை தன் உறவை முறித்துக்கொண்டது. கொக்கோ கோலா நிறுவன அதிபர் ஏசா கேண்ட்லர் தந்த 10 இலட்சம் டாலரைக் கொண்டு, அட்லாண்டாவில் எமரி பல்கலைக்கழகத்தை வளர்க்கத் தொடங்கியது. அவருடைய சகோதரர் வாரன் கேண்ட்லர் அச்சபையின் ஆயர்களில் ஒருவர்.

இதில் யாரைக் குறை சொல்வது? கனவு கண்டது சபை. பணம் தந்தவர் செல்வந்தர். அன்றாடம் உழைத்தவர்கள் ஆசிரியர்கள். மூவருக்கும் உரிமை இருந்தது. அந்த உரிமைகளின் எல்லையை, அன்பு நிறைந்திருந்த நாளில் யாரும் தெளிவாக வரையவில்லை. உறவினர் வீட்டில் பேசி முடித்த காரியம்தானே என்று இருந்துவிட்டார்கள்.

நம் பங்குகளிலும் நிலம் தருவோர் உண்டு, பெயர் பொறிக்கக் கேட்போர் உண்டு, ஒருவர் முகத்துக்காகக் கொடுப்போரும் உண்டு. கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரையொருவர் நேசிக்கும்போதே, எதற்காக, யார் பொறுப்பில் என்று எழுதி வைப்பது நம்பிக்கையின்மை ஆகாது. பின்னால் வரும் பிள்ளைகளுக்கு நாம் செய்யும் அன்புப் பணியே அது.

நாம் கொடுத்ததை நம்முடையது என்று பிடித்துக்கொள்கிறோமா? பெற்றதைக் கொடுத்தவரின் நோக்கம் மறந்து ஆள்கிறோமா? இன்று நம்மையே கேட்டுப் பார்ப்போம்.